முதலில் எது உடைய வேண்டும்?

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் நான்கு ஆண்டுகளாக ஒரு கார் கிடந்தது. சிவப்பு நிறம். முன்பக்கம் இடது சக்கரம் இல்லை. தம்பி தொடக்கநிலை 5ல் படித்தபோது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த ரேடியோ கட்டுப்பாட்டுக் கார். விலை 90 வெள்ளி. அந்த மாதம் அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் மாலை, புளோக்கின் கீழ்த்தளத் தூணில் கார் மோதியது. பெரிய அடி இல்லை. தூக்கிப் பார்த்தால், சக்கரத்தைத் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வாங்கிய கடைக்கே கொண்டு போனோம். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாடல் இப்போது வருவதில்லை, பாகம் தனியாகக் கிடைக்காது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எம்ஆர்டியில் திரும்பி வரும்போது தம்பிதான் பேசினான். "பரவால்லப்பா, எனக்கு அது அவ்வளவா பிடிக்கல." பதினொரு வயதுப் பையன் அப்படிச் சொன்னால் அது பொய் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு வடிவமைப்புப் பாடத்துக்காக நால்வர் கொண்ட குழு ஒரு பொருளை யோசித்து, செய்து, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்துச் சோதிக்க வேண்டும். மற்ற குழுக்கள் குடை உலர்த்தி, மருந்துப் பெட்டி என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தபோது நான் கைப்பேசியில் அந்தச் சிவப்புக் காரின் படத்தைக் காட்டினேன். என் குழுவினர் மூவரும் சிரித்தார்கள். பிறகு மின்னணுவியல் படிக்கும் தோழர், தன் வீட்டிலும் இப்படி ஒன்று கிடப்பதாகச் சொன்னார். அதோடு தலைப்பு முடிவாகிவிட்டது. பந்தயத் தடத்தில் ஓட்டக்கூடிய, புதிதாகத் தொடங்குபவருக்கான கார். எல்லாம் சேர்த்து 120 வெள்ளிக்குள்.

விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் காருக்கும் பந்தயக் காருக்கும் வேகத்தில்தான் வேறுபாடு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மலிவான பொம்மைக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இடம், வலம், நேர் என்று மூன்றே நிலைகள்தாம். கொஞ்சம் திருப்பு என்று அதனிடம் சொல்ல முடியாது. பந்தயக் காரில் விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவுதான் சக்கரம் திரும்பும். வேகமும் அப்படியே. அடுத்த வேறுபாடு, பொம்மையை ஒட்டி மூடியிருப்பார்கள். பந்தயக் காரைத் திருகாணி போட்டு மூடியிருப்பார்கள். திறப்பதற்காகவே செய்த கார் அது.

இந்தத் துறையில் தொடக்கநிலைக் கார் என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர் தமியா. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த அந்த நிறுவனம் 1976ல் தன் முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் காரை வெளியிட்டது. அது போர்ஷே 934 காரின் சிறு வடிவம். 2013ல் அவர்கள் கொண்டுவந்த டிடி-02 மாடலைப் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிரித்துப் போட்டோம். தொட்டி போன்ற ஒற்றைப் பிளாஸ்டிக் அடித்தளம். முன்னும் பின்னும் தூசி நுழையாதபடி மூடிய கியர் பெட்டிகள். நடுவில் ஒரு நீளத் தண்டு, நான்கு சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டு போகிறது. பிரிக்கப் பிரிக்க எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இதைவிட நன்றாக நாம் என்ன செய்துவிடப் போகிறோம் என்று. ஆனால் இதுபோன்ற கார்களைப் பெரும்பாலும் உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் விற்கிறார்கள். ரிமோட், ஸ்டியரிங்கைத் திருப்பும் செர்வோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் பொதுவாகத் தனி. பெட்டி விலையைப் பார்த்துச் சேமித்த மாணவர், கடையில் நிற்கும்போதுதான் மீதிச் செலவைக் கேள்விப்படுவார்.

நான்கு சக்கர விசையை முதல் கூட்டத்திலேயே கைவிட்டோம். அதற்கு இரண்டு டிஃபரன்ஷியல் வேண்டும், நீளத் தண்டு வேண்டும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இணைப்புக் கம்பி வேண்டும். தட்டையான தரையில் ஓட்ட இவ்வளவு தேவையில்லை. பந்தய உலகில் 1/12 அளவுக் கார்கள் 1980களிலிருந்தே உலக வாகையர் போட்டிகளில் ஓடுகின்றன. அவற்றின் அமைப்பு ஆச்சரியமான அளவுக்கு எளிது: ஒரு தட்டைத் தகடு, பின்னால் ஒரு மோட்டார், மோட்டாரின் சிறு கியர் நேராகப் பின் அச்சின் பெரிய கியரைச் சுழற்றும். அவ்வளவுதான். மலிவு என்பதற்காக மட்டமான வழியைத் தேர்ந்தெடுக்கிறோமோ என்ற உறுத்தல் அதைப் படித்ததும் போய்விட்டது.

முதல் தகட்டை 4 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டினோம். பல்கலைக்கழகப் பட்டறையில் லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கிறது, அக்ரிலிக் அழகாக வெட்டுப்படும், பளபளவென்று இருக்கும். முதல் மோதலில் திருகாணித் துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடி, தகடு இரண்டானது. தம்பியின் காருக்கு நடந்ததேதான். இம்முறை செய்தது நான்.

மாற்று வழி சொன்னவர் மின்னணுவியல் தோழர். மின்சுற்றுப் பலகை செய்யும் பச்சை நிறத் தகடு இருக்கிறதே, அது கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்தது. வளையும், எளிதில் உடையாது. சுற்றே இல்லாத ஒரு பலகையை, நாம் வரைந்த வடிவத்தில் வெட்டித் தரும்படி பலகை தயாரிப்பவரிடம் கேட்டால் என்ன? கேட்டோம். 2 மில்லிமீட்டர் தடிமனில் மலிவாக வந்தது. கூடவே எதிர்பாராத ஒரு வசதியும் கிடைத்தது. மின்சுற்றுப் பலகைகளில் வெள்ளை எழுத்துகள் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எனவே எந்தத் துளையில் எந்தத் திருகாணி என்பதைத் தகட்டிலேயே அச்சிட்டுவிட்டோம். கையேடு தொலையலாம், கார் தொலையாது. 'முன்', 'பின்' என்பதை நான்கு மொழிகளிலும் போட்டோம். தமிழ் எழுத்துகளை நான்தான் சரிபார்த்தேன். முதல் கோப்பில் 'முன்' என்பதன் புள்ளி காணாமல் போயிருந்தது!

முன் சக்கரத்தைத் தாங்கும் கைகளை முப்பரிமாண அச்சில் செய்தோம். இதிலும் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. சுவீடனைச் சேர்ந்த டேனியல் நோரே தொடங்கிய ஓப்பன்ஆர்சி திட்டத்தில், முழுப் பந்தயக் காரையே வீட்டில் அச்சிடும் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாங்கள் செய்த தவறு பொருளில். பட்டறையில் எளிதாகக் கிடைத்த பிஎல்ஏ பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினோம். அது ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குள் காரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது முன் சக்கரங்கள் இரண்டும் களைத்துப்போன ஆள்போல வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. சிங்கப்பூர் வெயிலைச் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த நால்வரும் மறந்துபோனோம். அதன்பின் ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும் பிஇடிஜிக்கு மாறினோம்.

இதெல்லாம் பட்டறைச் சிக்கல். உண்மையான சிக்கல் பிள்ளைகளிடம் கொடுத்தபோது வந்தது.

சனிக்கிழமைகளில் ஒரு சமூக மன்றத்தில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கேயே பூப்பந்துத் திடல் ஒன்றை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினோம். தரையில் டயர் கறை படக்கூடாது என்பது நிபந்தனை. கண்காட்சிகளில் ஓரிரு நாள் விரித்துவிட்டுத் தூக்கியெறியும் மெல்லிய கம்பளம் நினைவுக்கு வந்தது. ஒரு கண்காட்சி முடிந்த இரவு போய்க் கேட்டு, இரண்டு சுருள் தூக்கி வந்தோம். ஓரங்களுக்குத் தோட்டத்து ரப்பர் குழாய். தடம் தயார், செலவு டாக்சிக்கு மட்டும்.

மூன்று கார்கள், ஆறு பிள்ளைகள். பத்து நிமிடத்தில் மூன்று கார்களும் நின்றுவிட்டன. ஒன்று சுவரில் மோதிக் கை முறிந்தது. இன்னொன்று வளைவில் கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. கம்பளத்தில் டயர் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். (முன் டயரின் வெளி ஓரத்தில் சூப்பர் க்ளூவை மெல்லிய கோடாகத் தடவினால் அந்த ஓரம் வழுக்கும், கார் கவிழாது. பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை இது. எங்களுக்கு மறுவாரம்தான் தெரிந்தது.) மூன்றாவது காரின் செர்வோவில் கியர் பற்கள் நொறுங்கியிருந்தன. அதை ஓட்டிய பையன் ரிமோட்டை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, "எனக்கு இது வராதுக்கா" என்றான்.

எம்ஆர்டியில் தம்பி சொன்னதும் இதே குரலில்தான்.

அன்றிரவு கணக்குப் போட்டோம். கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி உண்டு. 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, கார் அதைக் கடப்பதை எடுத்திருந்தோம். 58 படங்களில் கடந்தது. அதாவது நொடிக்கு 8.3 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1.6 நொடி! மனிதர் ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்கவே கால் நொடி போல ஆகும். அந்தக் கால் நொடியில் கார் 2 மீட்டர் போய்விடும். அந்தப் பையனுக்கு வராமல் இல்லை. யாருக்கும் வந்திருக்காது.

தீர்வு ஒரு சிறு கியரில் இருந்தது. மோட்டாரில் 17 பல் கியர் மாட்டியிருந்தோம். பின் அச்சில் 84 பல். மோட்டார் கியரை 12 பல்லுக்கு மாற்றினால் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டருக்கு இறங்கும். முந்தைய வேகம் இதைவிட 40 விழுக்காடுதான் அதிகம், ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 1.4 பெருக்கல் 1.4, ஏறத்தாழ 2. அந்தச் சிறு கியர் மாற்றத்தால் ஒவ்வொரு மோதலின் பலமும் பாதியாகிவிடும். உயர்நிலைப் பள்ளியில் இந்தச் சூத்திரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் கையில் இருக்கும் காரைப் பற்றிப் பேசுகிறது என்று அப்போது தோன்றவில்லை.

குழுவில் இதற்குச் சண்டை வந்தது. பெரிய சண்டை. எங்களில் ஒருவர் உண்மையிலேயே பந்தயம் ஓட்டுபவர். "பெட்டி மேல் வேகத்தைத்தான் போடுகிறார்கள், 21 என்று போட்டால் யார் வாங்குவார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த வாரம் இரண்டு விதக் காரையும் அதே பிள்ளைகளிடம் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணினோம். வேகமான காரில் சராசரியாக 9 சுற்று. மெதுவான காரில் 17. வேகமான கார் பாதி நேரம் தலைகீழாகக் கிடந்தது. ஆறு பேரை வைத்து எடுத்த கணக்குதான், பெரிய ஆய்வு இல்லை. ஆனாலும் தோழர் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. 17 பல் கியரையும் ஒரு சிறு பையில் போட்டுக் காரோடு கொடுத்துவிடலாம், பழகியவர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்ற யோசனையும் அவருடையதுதான்.

வேகம் குறைந்தாலும் மோதல் நிற்காது. ஒன்று உடையத்தான் செய்யும். அதுவரை எப்படி உடையாமல் செய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். ஒரு பாகத்தைத் தடிமனாக்கினால் அதை அடுத்த பாகம் உடையும். கையை வலுவாக்கினோம், செர்வோ போனது. செர்வோவைக் காப்பாற்றினோம், தகட்டின் துளை கிழிந்தது. அடியின் பலம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். வீட்டில் மின்சாரம் மிகுந்தால் ஃபியூஸ் போகிறது, தொலைக்காட்சி தப்பிக்கிறது. கார் முழுவதிலும் மலிவான பாகம் எதுவோ அது முதலில் உடையட்டும் என்று முடிவு செய்தோம்.

அது முன் கை. அதன் நடுவில் வேண்டுமென்றே 3 மில்லிமீட்டருக்கு ஒரு கழுத்து வைத்தோம். மோதினால் அந்தக் கழுத்தில்தான் முறியும். பிளாஸ்டிக் செலவு 30 காசு, அச்சிட 22 நிமிடம். செர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், ரப்பர் போல வளையும் டிபியு பிளாஸ்டிக்கில் ஒரு வளையம் வைத்தோம். சக்கரம் அடிபட்டால் வளையம் நெளிந்து கொடுக்கும், பற்கள் பிழைக்கும். காரில் உள்ள எல்லாத் திருகாணியும் எம்3, இரண்டே நீளம். எல்லாவற்றுக்கும் ஒரே 2.5 மில்லிமீட்டர் ஆலன் சாவி.

பேட்டரி விஷயத்தில் பழைய நிக்கல் வகையையே எடுத்தோம். லித்தியம் பாலிமர் எடை குறைவு, விசை அதிகம். ஆனால் தவறாகச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கக்கூடியதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வீவக வீட்டுக்கு அனுப்ப எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. பந்தயம் சமமாக இருக்க மோட்டார்களுக்கு எண் ஒட்டி, ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தோம். ஒரே பெட்டியில் வந்த மோட்டார்களிலும் ஒன்று வேகமாகச் சுற்றும், ஒன்று சோம்பலாகச் சுற்றும்.

கடைசிச் சோதனைக்கு ஆறு கார்கள், இருபது உபரிக் கைகள். தம்பியையும் மூட்டை தூக்க அழைத்துப் போனேன். அவன் இப்போது உயர்நிலை 3. காரில் விருப்பம் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வந்தான். அன்று பிற்பகல் பதினொரு கைகள் உடைந்தன. செர்வோ ஒன்றும் போகவில்லை, தகடு ஒன்றும் போகவில்லை. முதல் கையை மாற்ற நான் உதவினேன். இரண்டாவதுக்குத் தம்பி உதவினான். மூன்றாவது முறை, தொடக்கநிலை 4 படிக்கும் ஒரு பெண் பிள்ளை காரைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஆலன் சாவியை எடுத்துக்கொண்டாள். நான்கு நிமிடத்துக்குள் மாட்டிவிட்டுத் தடத்துக்கு ஓடிவிட்டாள். உடைந்த துண்டை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனாள். முன்பு ரிமோட்டை வைத்துவிட்டுப் போன பையன் அன்று கடைசி வரை இருந்தான். இரண்டு கைகளை உடைத்தான், ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான்.

படைப்பு நாளன்று எங்கள் விலைப்பட்டியலைத் திரையில் காட்டினோம். ரிமோட்டும் ரிசீவரும் 34 வெள்ளி, அதுதான் ஆகப் பெரிய செலவு. பேட்டரி 19, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 13, மோட்டார் 8, மற்றவை எல்லாம் சேர்த்து மொத்தம் 118. விரிவுரையாளர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "சார்ஜர் எங்கே?"

பட்டறையில் எப்போதும் ஒன்று இருந்ததால் அதை யாரும் எண்ணவே இல்லை. பெட்டியில் சார்ஜர் வைப்பதில்லை என்று முதல் அறிக்கையில் மற்றவர்களைக் குறை சொன்னது நாங்கள்தான், அதுவும் என் கைப்பட எழுதிய பத்தி. சார்ஜருடன் 131 வெள்ளி. இலக்கைத் தாண்டிவிட்டோம். மதிப்பெண்ணில் அது தெரிந்தது, தெரிய வேண்டியதுதான். 11 வெள்ளியை எங்கே குறைப்பது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரிமோட்டில் குறைக்க முடியாது. விரலுக்கு ஏற்றபடி திரும்பாத காரைப் பந்தயக் கார் என்று சொல்ல முடியாது. பேட்டரியைச் சிறியதாக்கலாம், ஓட்டம் குறையும். கார்களை ஆளுக்கொன்றாக வைத்து, சார்ஜரை மட்டும் சமூக மன்றத்தில் பொதுவாக வைக்கலாம் என்பது இப்போதைய யோசனை. பாடம் முடிந்துவிட்டதால் பணம் கிடையாது. அடுத்த மாதச் சனிக்கிழமைக்கு ஆறு கார்களுக்குப் பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமாவது கண்காட்சிக் கம்பளம் இருந்தால் தூக்கியெறியும் முன் சொல்லுங்கள்.

போன வாரம் இரவு வீட்டுக்கு வந்தபோது அலமாரியின் மேல் சிவப்புக் கார் இல்லை. தம்பியின் மேசையில் இருந்தது, என் வெர்னியர் அளவுகோலும் பக்கத்தில். உடைந்த துண்டின் இரு பாதிகளையும் அவன் இத்தனை நாள் ஒரு உறையில் போட்டு வைத்திருந்திருக்கிறான். அளந்து, வரைந்து, பள்ளியில் இருக்கும் அச்சு இயந்திரத்தில் அச்சிட்டிருக்கிறான். முதல் மூன்றும் சேரவில்லை. அச்சில் துளை கொஞ்சம் சுருங்கி வரும் என்பது அவனுக்குத் தெரியாது. நான்காவது பொருந்தியது. இடது சக்கரம் சுற்றுகிறது.

ஆனால் கார் ஓடவில்லை. ரிமோட்டுக்குள் நான்கு ஆண்டுகளாக இருந்த பேட்டரிகள் கசிந்து, உலோக முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. இப்போது அம்மாவின் வினிகர் பாட்டிலும் ஒரு பழைய பல்துலக்கியும் அவன் மேசையில் இருக்கின்றன.